மயில் காசைப் புளி போட்டுத் துலக்கிவிட்டேன், விலை போச்சா?

ரங்கூன் பேரன்:
பாட்டியின் டிரங்குப் பெட்டியில் பர்மாவை ஆண்ட மின்டோன் மன்னர் காலத்து, மயில் பொறித்த வெள்ளிக் காசு ஒன்றும் (பர்மிய எண்ணில் 1214 என்று பர்மிய ஆண்டு இருக்கிறது) விக்டோரியா ரூபாய் ஆறும் கிடைத்தன. எல்லாம் கன்னங்கரேலென்று இருந்ததால், தைப்பூசத்துக்குக் குத்துவிளக்கு துலக்கிய கையோடு மயில் காசையும் இரண்டு ரூபாயையும் புளி, திருநீறு போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டேன். போஜோ மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர் தராசில் போட்டுப் பார்த்து, வெள்ளி விலை மட்டும்தான் தருவேன் என்கிறார். ஏமாற்றுகிறாரா? மீதி நாலையும் துலக்கிவிடட்டுமா?

பெகு பாண்டி:
ஐயோ தம்பி, மீதி நாலையும் தொடாதே! கறுப்பு அழுக்கில்லை, காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டான படலம். அதற்கடியில்தான் விஷயமே இருக்கிறது. காசு அச்சில் அடிபடும்போது உலோகம் ஓரத்தை நோக்கி ஓடி மயிரிழை போல வரிகள் விழும், நல்ல காசை விளக்குக்கு நேரே சாய்த்துத் திருப்பினால் ஒளி சக்கரம் மாதிரி சுற்றி வருவது அதனால்தான். திருநீறு அந்த வரிகளை உரசி எடுத்துவிடும், பதிலுக்குத் தேய்த்த பக்கமெல்லாம் கீறல். அப்புறம் காசு மறுபடி கறுக்கலாம், அந்த ஒளி வராது. என்ஜிசி, பிசிஜிஎஸ் மாதிரி காசுக்குத் தரம் பார்க்கும் நிறுவனங்களுக்கு அனுப்பினால் தர எண் கொடுக்காமல் 'துலக்கியது' என்று எழுதிவிடுவார்கள்.

ரூபாய்க்குக் கடைக்காரர் கணக்கு சரிதான்: 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. மயில் காசுக்கும் அதே விலை என்றால் அடிமாட்டு விலை. துலக்கியதையும் சேகரிப்பவர்கள் வாங்குவார்கள், குறைத்துத்தான் கேட்பார்கள்.

மோல்மேன் அக்கா:
ரூபாயில் 1862 இருந்தால் வருஷத்துக்குக் கீழே லென்ஸ் வைத்துப் பார் தம்பி. அந்த வருஷத்தையே 1874 வரை மாற்றாமல் அடித்தார்கள், அடையாளத்துக்குச் சின்னச் சின்னப் புள்ளி வைத்தார்கள், புள்ளிக் கணக்கில்தான் விலை ஏறும் இறங்கும். எங்கள் வீட்டுக் காசை யாரோ பல்பொடி போட்டுத் தேய்த்து, இன்றைக்கு மூன்று புள்ளியா நாலா என்று எனக்கே தெரியவில்லை!

மயில் காசின் ஓரத்தையும் பார். பதக்கம், சட்டைப் பொத்தான் என்று வளையம் பற்றவைத்துப் போட்டவர்கள் நிறைய. அதை அரத்தால் ராவி மறைத்திருந்தால், துலக்கியதைவிடப் பெரிய சேதம் அது.

ரங்கூன் பேரன்:
அக்கா, மயிலின் தலைக்கு மேலே ஓரத்தில் சின்ன மேடு ஒன்று, பக்கத்தில் அரம் ஓடிய தடம். பாட்டி கழுத்தில் கிடந்திருக்கும் போல. அப்படியானால் கடைக்காரரைத் திட்டியது தப்போ!

பெகு பாண்டி:
முழுத் தப்பில்லை, இன்னும் இரண்டு கடையில் கேள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அசிட்டோனில் நனைத்தெடு, தேய்க்காதே. பிவிசி பிளாஸ்டிக் உறையில் மட்டும் போட்டுவிடாதே, பச்சைப் பிசின் படியும். நல்ல காகித உறை போதும்.

ரங்கூன் பேரன்:
சரி அண்ணே. நாலும் உறைக்குள் போயாச்சு. வெள்ளிக்கிழமை அம்மா பூஜைச் சாமான் துலக்க உட்காருவார், அதற்குள் பீரோவைப் பூட்ட வேண்டும்.