நாற்பது மணி நேரம் ஓடாத டிராக்டரை விற்றுவிட வேண்டுமாம்!

கவுஞ்சிக்காரன்:
நேற்று ஒட்டன்சத்திரம் கணக்கர் இங்கே எழுதியதை அப்படியே தருகிறேன்: "ஆண்டுக்கு 40 மணி நேரம் ஓடாத டிராக்டர் சொத்து அல்ல, சுமை. விற்றுவிட்டு, தேவைப்படும்போது வாடகைக்கு எடுங்கள்." இதற்குப் பலர் ஆமாம் போட்டிருக்கிறார்கள். படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் வீட்டில் நிற்பது 1988இல் அப்பா வாங்கிய மாஸி பெர்குசன் 1035. மூன்று சிலிண்டர் சிம்ப்சன் என்ஜின். வத்தலக்குண்டிலிருந்து மலைப்பாதை முழுவதும் அப்பாவே ஓட்டி வந்தார். கொடைக்கானல் தாண்டி, பூம்பாறை தாண்டி, மன்னவனூர் தாண்டிக் கவுஞ்சி வந்து சேர்ந்தபோது ஊரே திரண்டு வந்து பார்த்தது. இன்று அது வருடத்தில் பல மாதங்கள் கொட்டகையில்தான் நிற்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சித்திரையில் நல்ல மழை பெய்து மண் பதமாக இருக்கும் அந்த நான்கைந்து நாட்களில் அது இல்லையென்றால் என் ஐந்து ஏக்கர் உருளைக்கிழங்குக் காடு என்ன ஆகும்? அந்த நான்கு நாட்களில்தான் எல்லோருக்கும் உழவு வேண்டும். வாடகை வண்டி அப்போது எனக்கு மட்டும் மலையேறி வருமா?

கணக்கரிடம் ஒரே கேள்வி. 40 மணி என்றீர்களே, அது எந்த மணி? மீட்டர் மணியா, கடிகார மணியா?

ஒட்டன்சத்திரம் கணக்கு:
மணி என்றால் மணிதான் ஐயா. அறுபது நிமிடம். நான் யாரையும் பெயர் சொல்லி எழுதவில்லை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் பேட்டரி சாகும், டயர் வெடிப்பு விடும், ஆயில் மாற்ற வேண்டும். அந்தச் செலவை ஓடிய மணிகளால் வகுத்துப் பாருங்கள். உழவன் செயலியில் பதிவு செய்தால் வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டர் மணிக்கணக்கில் வாடகைக்கு வருகிறது. உங்கள் ஒரு மணி உழவுக்கு உங்கள் கையிலிருந்து போகும் பணம் அந்த வாடகையைவிடப் பல மடங்கு இருக்கும். ஆத்திரப்படாமல் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

கவுஞ்சிக்காரன்:
கேட்டதற்குப் பதில் வரவில்லை. மீட்டர் மணியா, கடிகார மணியா?

வத்தலக்குண்டு பட்டறை:
முப்பது வருடமாக இந்த வண்டிகளைப் பிரித்துப் பூட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். கவுஞ்சி அண்ணன் கேட்பதில் விஷயம் இருக்கிறது. பழைய 1035இல் மணி காட்டும் மீட்டர் கடிகாரம் அல்ல. என்ஜினோடு கேபிளில் இணைந்தது. என்ஜின் வேலை வேகத்தில் சுற்றினால்தான் மீட்டரில் ஒரு மணியும் கைக்கடிகாரத்தில் ஒரு மணியும் ஒன்றாகும். மெதுவாகச் சுற்றினால் மீட்டரும் மெதுவாகத்தான் நகரும். ஒரு மணி நேரம் நின்ற இடத்தில் ஓடவிட்டால் மீட்டர் ஒரு மணிக்குக் குறைவாகத்தான் காட்டும்.

அதற்காக அவர் பக்கம் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மலையில் நிற்கும் வண்டியைப் பனி தின்கிறது. டீசல் டேங்க் பாதி காலியாக இருந்தால் உள்ளே ஈரம் கோத்துத் தண்ணீர் இறங்கும், பம்பும் நாசிலும் போகும். கிளட்ச் பிளேட் ஒட்டிக்கொள்ளும். போன மாதம் பண்ணைக்காட்டிலிருந்து ஒரு வண்டி அப்படித்தான் வந்தது. மிதியை அழுத்திக் கட்டை கொடுத்து நிறுத்தியிருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது.

கவுஞ்சிக்காரன்:
கேட்டீர்களா கணக்கரே! என் மீட்டர் போன வருடம் 31 மணி காட்டியது. ஆனால் அப்பா காலத்திலிருந்து நாங்கள் நோட்டில் எழுதுகிறோம், கைக்கடிகாரம் பார்த்து எழுதுகிறோம். கிழங்கு உழவு 19 மணி. பூண்டுக் காட்டுக்கு 6. டிரெய்லர் மாட்டி எரு அடித்ததும் மூட்டை ஏற்றி இறக்கியதும் 21. மொத்தம் 46 மணி. நாற்பதுக்கு மேலே! உங்கள் வாய்க்கணக்குப்படியே என் வண்டி சொத்து. இனி என்ன சொல்வீர்கள்?

ஒட்டன்சத்திரம் கணக்கு:
மூட்டை ஏற்றும்போது வண்டி நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்ததையும் சேர்த்துத்தானே 46? அது வேலையா? ஆள் வராமல் காத்திருந்த நேரத்துக்கு நான் கூலி கொடுப்பதில்லை. உங்கள் வாயாலேயே 31 என்று சொல்லிவிட்டீர்கள். 31 நாற்பதைவிடக் குறைவு.

கவுஞ்சிக்காரன்:
நின்றாலும் என்ஜின் ஓடியது! டீசல் எரிந்தது! அது எப்படி மணி இல்லாமல் போகும்?

மன்னவனூர்த் தம்பி:
அண்ணா, என்ஜினை அணைக்காததற்குக் காரணத்தையும் எழுதுங்கள். செல்ஃப் ஸ்டார்ட்டர் எடுக்காது. அணைத்தால் நான்கு பேர் தள்ள வேண்டும். அதனால்தான் மூட்டை ஏற்றி முடிக்கும்வரை ஓடிக்கொண்டே இருந்தது. நானும்தான் அங்கே நின்றேன்.

கவுஞ்சிக்காரன்:
தம்பி, நீ பேசுகிறாயா? சித்தப்பா மகன் என்று கேட்டபோதெல்லாம் வண்டி கொடுத்தேன். இரண்டு நாள் என்று கொண்டுபோய் ஒன்பது நாள் வைத்திருந்தாய். டேங்கில் சொட்டு டீசல் இல்லாமல் திருப்பி விட்டாய். பேட்டரி செத்தது அந்த ஒன்பது நாட்களில்தான். ஊர் முன்னால் சொல்ல வேண்டாம் என்று இத்தனை நாள் பொறுத்திருந்தேன்.

மன்னவனூர்த் தம்பி:
ஒன்பது நாள் இல்லை, ஆறு. மழை பிடித்துக்கொண்டது, வண்டி சேற்றில் இறங்கவில்லை. பேட்டரி அதற்கு முன்பே போய்விட்டது. பெரியப்பா இருந்தபோது அந்த வண்டி ஊருக்கே உழுதது. நீங்கள் வந்த பிறகுதான் கொட்டகையில் பூட்டு விழுந்தது. அப்புறம் மணி எங்கிருந்து ஏறும்?

பூம்பாறைப் பூண்டு:
இரண்டு நாட்களாக ஆண்கள் மீட்டரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் பூம்பாறையில் அடுக்கு மேடையில் பூண்டு போடுகிறவள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு. எங்கள் மேடைகளில் டிராக்டர் திரும்பவே இடம் கிடையாது. கொத்தும் மண்வெட்டியும்தான், மிஞ்சினால் பவர் டில்லர். எங்கள் வீட்டிலும் ஒரு பழைய டிராக்டர் இருந்தது, விற்றோம், நிம்மதியாக இருக்கிறோம். சரிவில் அந்த வண்டியை ஏற்றும்போதெல்லாம் முன் சக்கரம் தூக்கிவிடுமோ என்று நான் வாசலில் நின்று வேண்டிக்கொண்டிருந்த நாட்கள் எனக்குத்தான் தெரியும்.

வாடகை வண்டியும் எனக்கு வேண்டாம். ஒரு காட்டு மண்ணைச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த காட்டுக்கு வருகிறது. உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும், கண்ணுக்குத் தெரியாத நூற்புழு அப்படித்தான் பரவும்.

கவுஞ்சிக்காரன்:
அக்கா, நீங்கள் விற்றது உங்கள் மேடைக்குச் சரி. கவுஞ்சியில் எங்கள் காடு மேடை இல்லை, கிட்டத்தட்டச் சமதரை. ஆனால் நூற்புழு என்று சொன்னீர்களே, அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். சொந்த வண்டி சொந்த மண்ணை மட்டும் மிதிக்கும். கணக்கர் தாளில் இதற்கு ஒரு கட்டம் இருக்கிறதா?

முன் சக்கரம் தூக்குவது ஓட்டத் தெரியாததால். செங்குத்து ஏற்றத்தில் பின்பக்கமாக ஏற்ற வேண்டும். முன்னால் எடை மாட்ட வேண்டும். இறக்கத்தில் நியூட்ரல் போடக் கூடாது. சாலையில் இறங்குவதற்கு முன் இடது, வலது பிரேக் மிதிகள் இரண்டையும் கொக்கியால் இணைக்க வேண்டும். சமவெளியிலிருந்து வரும் டிரைவர் இணைக்காமல் ஓட்டுவான். வளைவில் ஒரு மிதியை மட்டும் மிதித்தால் வண்டி ஒரே பக்கம் இழுத்துப் பள்ளத்தில் கொண்டுபோய் விடும்.

முத்தோரை உருளை:
நீலகிரியிலிருந்து ஒரு வார்த்தை. நூற்புழு என்று எல்லோரும் லேசாகச் சொல்கிறீர்கள். இந்தியாவில் அது முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1961இல் எங்கள் ஊட்டியில்தான். மண்ணுக்குள் முட்டைக்கூடாகப் பல வருடம் சாகாமல் கிடக்கும். அதைத் தாங்கி வளரும் குஃப்ரி சுவர்ணா ரகத்தை எங்கள் முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1985இல் கொடுத்தது. எங்கள் தாத்தா காலத்திலிருந்து இதோடு மல்லுக்கட்டுகிறோம். உருளை பயிரிடுவது எப்படி என்று கொடைக்கானல் பக்கத்துப் பழனி மலைக்காரர்கள் எங்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

சொந்த வண்டி சொந்த மண்ணை மட்டும் மிதிக்கும் என்றால் உறவினருக்குக் கொடுத்தது எந்த மண்?

கவுஞ்சிக்காரன்:
உங்கள் ஊட்டிக் கிழங்குக்கு இருக்கும் பெயரால்தான் எங்கள் கிழங்கும் மேட்டுப்பாளையம் மண்டியில் ஊட்டிக் கிழங்கு என்று விற்கிறது. அந்த வருத்தம் எங்களுக்கு. நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம். தம்பியின் காடு எங்கள் பாட்டன் காடு. ஒரே மண்.

மன்னவனூர்த் தம்பி:
பாகம் பிரிக்கும்போது மட்டும் வேறு வேறு மண்ணாக இருந்தது.

ஒட்டன்சத்திரம் கணக்கு:
குடும்பத் தகராறு எனக்கு வேண்டாம். கணக்குக்கு வருகிறேன். போன வருடம் எவ்வளவு டீசல் வாங்கினீர்கள்? அதைச் சொல்லுங்கள், மணி தானாக வந்துவிடும்.

கவுஞ்சிக்காரன்:
120 லிட்டர். பில் இருக்கிறது.

ஒட்டன்சத்திரம் கணக்கு:
உழவில் மணிக்கு மூன்றரை லிட்டர் என்று வைத்தால் 34 மணி. நாற்பது வரவில்லை.

கவுஞ்சிக்காரன்:
நிற்கும்போது மூன்றரை லிட்டரா குடிக்கும்? மூட்டை ஏற்றும் நேரத்தில் மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகாது. அப்படியானால் 120 லிட்டரில் இன்னும் அதிக மணி ஓடியிருக்கிறது என்றுதானே அர்த்தம்? உங்கள் கணக்கே என் 46ஐ நிரூபிக்கிறது!

ஒட்டன்சத்திரம் கணக்கு:
நின்றதை மணி என்று சொல்லாதீர்கள் என்றுதானே முதலிலிருந்து சொல்கிறேன்!

வத்தலக்குண்டு பட்டறை:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். நின்று ஓடினாலும் என்ஜின் தேயும், ஆயில் கருக்கும். குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓடினால் சிலிண்டரில் கரி பிடிக்கும். அண்ணன் முதலில் பேட்டரியும் செல்ஃபும் பாருங்கள். கொண்டுவந்தால் நானே செய்து தருகிறேன்.

கவுஞ்சிக்காரன்:
உங்களிடம் கொண்டுவந்து கற்றது போதும். 2016இல் ஹைட்ராலிக் லிஃப்ட் பார்த்துக் கொடுத்தீர்கள். மலையேறி வீடு வருவதற்குள் கலப்பை தொங்கிவிட்டது.

வத்தலக்குண்டு பட்டறை:
ஒன்பது கொத்துக் கலப்பையைத் தூக்கியபடியே மலைப்பாதை முழுவதும் குலுக்கிக்கொண்டு போனால் எந்த லிஃப்ட் தாங்கும்? அதையும் எழுதுங்கள். கூலி பாக்கி இன்னும் வரவில்லை என்பதையும் எழுதுங்கள்.

பூம்பாறைப் பூண்டு:
ஒன்று கேட்கலாமா கவுஞ்சித் தம்பி? விற்பதா வேண்டாமா என்று இவ்வளவு பேசுகிறீர்கள். விற்க வேண்டும் என்று நினைத்தாலும் விற்க முடியுமா? ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் இருக்கிறது? 15 வருடம் முடிந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் வண்டியை விற்கும்போது அதற்கே மூன்று முறை திண்டுக்கல் போனோம்.

மன்னவனூர்த் தம்பி:
பெரியப்பா பெயரில்தான் இருக்கிறது அக்கா. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. மூன்று மாதத்துக்குள் வாரிசுகள் பெயர் மாற்றியிருக்க வேண்டும். பெரியக்கா கையெழுத்துப் போடவில்லை. ஏன் போடவில்லை என்று அண்ணனைக் கேளுங்கள்.

கவுஞ்சிக்காரன்:
அது எங்கள் வீட்டு விஷயம். என் அக்கா கேட்டது வண்டியின் பாதி விலையை. கீழே ஒரு வியாபாரி ஒன்றே கால் லட்சம் கேட்டார் என்று அவளுக்குச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும் தம்பி. அப்பா வியர்வையை நான் எடை போட்டு விற்க மாட்டேன். மாதம் ஒருமுறை கொட்டகையைத் திறந்து, என்ஜின் சூடாகும்வரை ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சத்தம் கேட்டால் அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து நிற்கிறாள். அவள் ஒன்றும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. வாடகை வண்டியில் அது வருமா?

ஒட்டன்சத்திரம் கணக்கு:
உங்கள் தாயார் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மாதம் ஒருமுறை சும்மா ஓடவிடுவதையும் அந்த 46இல் சேர்த்தீர்களா?

கவுஞ்சிக்காரன்:
சேர்க்கவில்லை! சேர்த்தால் ஐம்பதைத் தாண்டும்!

ஒட்டன்சத்திரம் கணக்கு:
மீட்டர்படி 31.

முத்தோரை உருளை:
31 என்றால் விற்றுவிடலாம்.

கவுஞ்சிக்காரன்:
ஊட்டிக்காரர் சொல்லி நான் விற்க வேண்டுமா? நாளைக் காலையில் நோட்டின் பக்கங்களையும் மீட்டரையும் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன். தேதி, நேரம், எந்தக் காடு, எல்லாம் அப்பா கையெழுத்திலிருந்து தொடங்குகிறது.

மன்னவனூர்த் தம்பி:
அந்த ஒன்பது நாள் என்று எழுதிய பக்கத்தையும் போடுங்கள் அண்ணா. ஆறு என்றுதான் இருக்கும்.

கவுஞ்சிக்காரன்:
போடுகிறேன். கணக்கரே, நீங்கள் இன்னும் சொல்லவில்லை. மீட்டர் மணியா, கடிகார மணியா?