கேம் மாஸ்டருக்குத் தமிழ்ல என்ன? வெள்ளிக்குள்ள வேணும்

எல்லாருக்கும் வணக்கம்,

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கிற கதையாட்டத்தோட (டிஅண்ட்டி) அஞ்சாம் பதிப்பு அடிப்படை விதிகளை 2023 ஜனவரில கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல விட்டாங்கல்ல, மூலத்தைக் குறிப்பிட்டா போதும், யார் வேணா மொழிபெயர்க்கலாம். அதை வச்சு புதுசா ஆட வர்ற பசங்களுக்கு ஒரு சின்னத் தமிழ்க் கையேடு பண்ணிட்டிருக்கோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். கதைமாந்தர், பகடை, அமர்வு, தொடராட்டம் எல்லாம் ஒரு மாதிரி முடிஞ்சுது. முக்கியமான சொல்லு மட்டும் ஆளுக்கொரு விதமா எழுதி வச்சிருக்கோம், கேம் மாஸ்டர்.

நடத்துநர்னு போட்டா டிக்கெட் கிழிக்கிறவர் ஞாபகம்தான் வருது. ஆட்டநாயகர்னா மேட்ச் முடிஞ்சு பரிசு வாங்குறவர். நெறியாளர்னா டிவில நாலு பேரைக் கத்தவிட்டு வேடிக்கை பாக்குறவர். நான் கதைசொல்லினு எழுதினேன், எனக்கே ஒட்டல.

ஆடிப் பாக்காதவங்களுக்காக: மேசையைச் சுத்தி நாலஞ்சு பேர், ஆளுக்கு ஒரு கதைமாந்தர். ஒருத்தருக்கு மட்டும் தனக்குன்னு ஒரு மாந்தர் கிடையாது, மிச்ச உலகம் மொத்தமும் அவர் பொறுப்பு, கடைக்காரன், ராணி, ஓநாய், மழை எல்லாம். குகைக்குள்ள யாரோ மூச்சு விடுற சத்தம் கேக்குது, என்ன பண்றீங்கன்னு கேப்பார். அவங்க சொல்றது சும்மாவே நடந்துடுமா, பகடை உருட்டணுமான்னு அவர்தான் முடிவு பண்ணணும், உருட்டணும்னா எண் வைப்பார், சுலபம்னா 10, நடுத்தரம் 15, கஷ்டம் 20. இவ்வளவையும் தாங்குற ஒரு சொல்லு குடுங்க.

* * *

அம்மாடி, இதுக்கு வெளியில தேடவே வேண்டாம், ஆடுங்கிற வேர்லயே இருக்கு. கூத்தும் ஆடுறோம், பந்தும் ஆடுறோம், நீராடுறோம், சொல்லாடுறோம், போராடுறோம், ஊசலாடுறோம், இத்தனைக்கும் ஒரே வினை, நடிப்பும் விளையாட்டும் ஒண்ணாச் சேர்ந்த ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தம் எங்க கிடைக்கும்? தன்வினை ஆடு, பிறவினை ஆட்டு, அதுக்கும் மேல போனா ஆட்டுவி. அப்பர் பாடினது எல்லாருக்கும் தெரியும், 'ஆட்டுவித்தால் ஆரொருவர் ஆடாதாரே'. ஆகவே ஆட்டுவிப்பார். ரொம்ப நீளம்னு தோணுனா இகர விகுதி போட்டு ஆட்டினு சுருக்கலாம், வழிகாட்டி நாள்காட்டி மாதிரி, ஆண்பால் பெண்பால் தகராறும் இல்ல.

* * *

> ஆட்டினு சுருக்கலாம்

ஐயா, சீமாட்டி, பெருமாட்டி, மூதாட்டி, பெண்டாட்டி. பால் தகராறு இல்லைன்னா சொல்றீங்க?

* * *

அது ஆள் என்பதோட பெண்பால் விகுதி சேர்ந்து வந்த ஆட்டிம்மா, வேர் வேற. நான் சொல்றது ஆட்டுதல். ரெண்டையும் குழப்பக் கூடாது.

* * *

நீங்க குழப்ப மாட்டீங்க ஐயா, படிக்கிற பதினாலு வயசுப் பையன் குழப்புவான். 'ஆட்டியிடம் கேளுங்கள்'னு கையேட்டுல பாத்தா அவனுக்கு உரல்தான் தோணும்.

* * *

> ஆகவே ஆட்டுவிப்பார்

நான் ரொம்ப வருஷமா இந்த ஆட்டத்தை நடத்திட்டிருக்கவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க. ஐயா சொன்னது அழகான சொல்லு, அதுல சந்தேகமே இல்ல, ஆனா அந்தப் பாட்டுல ஆட்டுவிக்கிறவன் இறைவன், ஆடுறவனுக்குத் தன் இஷ்டம்னு ஒண்ணுமே கிடையாது. எங்க ஆட்டத்துல ஒருத்தரை மோசமான ஜிஎம்னு (கேம் மாஸ்டரைச் சுருக்கி அப்படித்தான் சொல்வோம்) சொல்றதுன்னா முதல்ல சொல்ற குத்தமே இதுதான், தான் எழுதி வச்ச கதைக்குள்ளயே எல்லாரையும் கழுத்தைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறார்னு. நல்லா நடக்குற ஆட்டம் எப்படி இருக்கும்னா, நான் ராத்திரி முழுக்க உக்காந்து ஒரு கோட்டை வரைஞ்சு, பொறி எங்க, புதையல் எங்கன்னு குறிச்சு வச்சிருப்பேன், இவங்க வாசல்ல நிக்கிற காவக்காரன்கிட்ட பேச்சுக் குடுத்து அவன் வீட்டுப் பிரச்சினையைத் தீத்து வைக்கக் கிளம்பிடுவாங்க, அந்தக் காவக்காரனுக்கு அந்த நிமிஷம் வரைக்கும் பேரே கிடையாது, நான் அப்பதான் யோசிக்கணும். கோட்டை பைக்குள்ள போயிடும். யார் யாரை ஆட்டுவிச்சது சொல்லுங்க.

இதே காரணத்துக்காகத்தான் கதைசொல்லியும் எனக்குப் பிடிக்கல. கதையை முன்கூட்டி வச்சிருக்கிறவன்தானே அதைச் சொல்ல முடியும்.

இன்னொண்ணு, இங்கிலீஷ்லயே இதுக்கு ஒரு பேர் கிடையாது. 1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் முதல் மூணு குறுநூல் போட்டப்ப அதுல இருந்த வார்த்தை ரெஃப்ரி. டன்ஜன் மாஸ்டர்ங்கிறது அதுக்கப்புறம் வந்து ஒட்டிக்கிட்டது, ஆனா அது ஒரு கம்பெனியோட சொத்தாயிட்டதால மத்த ஆட்டக்காரங்க பொதுவா கேம் மாஸ்டர்னாங்க, இல்ல தங்களுக்குன்னு ஒண்ணு வச்சுக்கிட்டாங்க. 1981ல வந்த கால் ஆஃப் கதுலுல கீப்பர், 1991ல வேம்பயர்ல ஸ்டோரிடெல்லர், 2010ல அபாகலிப்ஸ் வேர்ல்டுல எம்சி. அந்தந்த ஆட்டம் அவரை என்னவா நினைக்குதோ அந்தப் பேர். நீங்க பண்றது டிஅண்ட்டி, அதனால ரெஃப்ரிக்கே திரும்பிப் போலாம், நடுவர். சுருக்கம், எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்லு, விகுதித் தகராறும் இல்ல. பழமையும் இருக்கு, பிரஷ்யாவுல 1824ல ரைஸ்விட்ஸ்ங்கிற அதிகாரி உண்டாக்கின போர்ப் பயிற்சி ஆட்டத்துலயே நடுவர் உண்டு, எந்தப் பக்கத்துக்கு எது கண்ணுக்குத் தெரியும்னு அவர்தான் சொல்லணும். நம்ம ஆளோட பரம்பரை அங்கேருந்துதான் வருது.

* * *

தம்பி சொன்ன வரலாறு நல்லா இருக்கு, ஆனா மாஸ்டரை அவ்வளவு சுலபமா விட்டுட முடியாது. மாஸ்டர் வந்தது லத்தீன் மாஜிஸ்டர்ல இருந்து, அதுக்கு ஆசிரியர்னும் பொருள். டன்ஜன் இன்னும் வேடிக்கை, பழைய பிரெஞ்சுல டொன்ஜோன்னா கோட்டைக்கு நடுவுல நிக்கிற பெரிய கோபுரம், மூலம் தலைவன்னு பொருள்படுற டொமினுஸ், உயரத்துல நின்னது எப்படியோ இறங்கி இறங்கி நிலவறை ஆயிடுச்சு. ஆக ஆசிரியர்ங்கிறதுதான் உள்ள இருக்கிற பொருள். சிலம்புல அரங்கேற்று காதையைத் திறந்து பாருங்க, ஆடலாசிரியன், இசையாசிரியன்னு வரிசையா இலக்கணம் சொல்லியிருக்கு. கூத்துலயும் குழுவை நடத்துறவருக்கு வாத்தியார்னுதான் பேர்.

ஆனா பசங்க வாத்தியாரைப் பாத்தா ஓடுவாங்கன்னு எனக்கே தெரியும், அந்த வேலையிலதான் ஓய்வு பெற்றேன். அதனால யோசிச்சுப் பாத்து வேற ஒண்ணு சொல்றேன், கட்டியங்காரர்.

சிரிக்காம கேளுங்க. தெருக்கூத்துல கட்டியங்காரன் என்ன பண்றான்? திரைக்குப் பின்னால வேடம் வந்து நிக்கும்போது நீ யாரு, எந்த நாடு, எதுக்கு வந்தேன்னு கேக்குறான், வேடம் தன் வாயால தன்னைச் சொல்லுது. நடுவுல காவலாளி வேணும்னா அவனே காவலாளி, தூதன் வேணும்னா அவனே தூதன். கதை தெரியாதவங்களுக்கு விளக்குறான், கேலி பண்றான், ஆனா கதை அவனோடது இல்ல, ராஜா அவன் இல்ல. தங்கச்சி முதல் கடிதத்துல எழுதினதைத் திரும்பப் படிங்க, இதுதான் அது.

* * *

ஐயா, இதுக்கு நான் கை தட்டுறேன். என்ன பண்றீங்கன்னு கேக்குறதுதான் எங்க வேலையில முக்கால்வாசி. ஆனா கட்டியங்காரன் தீர்ப்புச் சொல்றதில்லையே, அவனா எண் வைக்கிறான்?

* * *

இடையில புகுறதுக்கு மன்னிக்கணும். கட்டியங்காரர்ல 'காரர்' வடமொழி. கலைச்சொல் புதுசா செய்யும்போதாவது அதைத் தவிர்க்கலாமே. பகடையும் தமிழான்னு எனக்குச் சந்தேகம், கவறுன்னு வள்ளுவரே சொல்லியிருக்கார். கதாபாத்திரத்தை விட்டுட்டு கதைமாந்தர்னு போட்டதுக்கு நன்றி, ஆனா கதையும் வடசொல்தான்.

* * *

தோட்டக்காரர், வேலைக்காரர், வீட்டுக்காரர் எல்லாரையும் முதல்ல காலி பண்ண வச்சுட்டு வாங்க, அப்புறம் கட்டியங்காரரைப் பாப்போம். கவறு சரி, ஆனா அது எந்த அதிகாரத்துல வருது? சூது. 'கவறும் கழகமும் கையும் தருக்கி'. பெத்தவங்க கையேட்டைப் புரட்டி 'இருபது முகக் கவறு'ன்னு படிச்சா அவ்வளவுதான். அந்தக் குறள்ல கழகம்னா சூதாடுற இடம், வேணும்னா ஆட்டக் குழுவுக்கு அந்தப் பேரை வச்சுக்கலாம்.

தொல்காப்பியர் 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே'ன்னு எப்பவோ முடிச்சு வச்ச வழக்கு இது.

* * *

காலத்துப் பட்டா ஏத்துக்கலாம்னுதான் சொன்னார், நீங்களே படுத்தலாம்னு சொல்லல.

* * *

கட்டியங்காரர்ல எனக்கு வேற ஒரு சிக்கல். சீவக சிந்தாமணில சச்சந்தனை நம்ப வச்சுக் கொன்னுட்டு நாட்டைப் பிடிக்கிற அமைச்சன் பேர் என்ன? கட்டியங்காரன். நம்ம ஜிஎம் தம்பிக்குப் பொருத்தம்தான், அவர் நடத்துன ஆட்டத்துல நான் நம்பின அமைச்சர் எல்லாருமே கடைசில துரோகிதான்.

விளையாட்டு இருக்கட்டும். நான் மொழிபெயர்ப்பு பண்றவ, எனக்குத் தெரிஞ்ச சோதனை ஒண்ணுதான், சொல்லைத் தனியா வச்சு ரசிக்காம விதிக்குள்ள போட்டு வாய்விட்டுப் படிக்கணும். அச்சுக்குப் போற பக்கத்துலேர்ந்தே எடுத்துப் போட்டுப் பாத்தேன். 'கதவு பூட்டியிருக்கிறதா என்று ஆட்டுவிப்பார் முடிவு செய்வார்', யாரோ ஜோசியர் மாதிரி இருக்கு. 'கட்டியங்காரர் அறையை விவரிப்பார்', இது அருமை. 'கட்டியங்காரர் கடின எண்ணை நிர்ணயிப்பார்', இங்க இடிக்குது. 'நடுவர் கடின எண்ணை நிர்ணயிப்பார்', கச்சிதம். 'நடுவர் நான்கு பூதங்களை நகர்த்தி உங்களைத் தாக்குவார்'. இதைப் படிச்சா நடுவர் காசு வாங்கிட்டார்னு தோணுது.

* * *

அக்கா சொன்ன கடைசி வாக்கியம்தான் இந்த ஆட்டத்தோட உயிர்னு நான் நினைக்கிறேன். பூதத்தை ஆடுறதும் அவர், பூதம் அடிச்சது படுதா இல்லையான்னு சொல்றதும் அவர், ஆனாலும் பூதம் ஜெயிக்கணும்னு அவருக்கு ஆசை இருக்கக் கூடாது. அந்த நடுநிலையைப் பேர்லயே எழுதி ஒட்டிட்டா பசங்களுக்கு முதல் நாளே புரியும். கட்டியங்காரர்னா விளக்கணும், விளக்கி முடிக்கிறதுக்குள்ள பாதி பேர் போனை எடுத்துடுவாங்க.

* * *

நடுவர்னா ரெண்டு அணி வேணும் தம்பி. இங்க ஒரு அணிதான் இருக்கு. நடு எங்க?

* * *

பெரியவங்க எல்லாருக்கும் நன்றி, ஆனா நாள் ஓடிட்டிருக்கு, இன்னும் லெவல் முடியல. மூலத்துல கதைமாந்தரோட லெவல், மந்திரத்தோட லெவல், நிலவறையோட லெவல் எல்லாத்துக்கும் ஒரே சொல்லு. மந்திரவாதி அஞ்சாம் லெவலுக்கு வந்தாதான் மூணாம் லெவல் மந்திரம் போட முடியும், புதுசா வர்றவங்க எல்லாரும் முட்டிக்கிற இடம் இது. தமிழ்ல நாம பிரிச்சிடலாம்னு பாக்குறேன், மாந்தருக்கு நிலை, மந்திரத்துக்குப் படி, நிலவறைக்குத் தளம். 'ஐந்தாம் நிலையில் மூன்றாம் படி மந்திரம்', தெளிவா இருக்குல்ல?

சேவிங் த்ரோவுக்கு தப்பு வீச்சுன்னு ஒருத்தர் எழுதியிருந்தார், தப்பிக்கிறதுக்கான வீச்சாம். பகடையைத் தப்பா வீசிட்டோம்னு நினைச்சுக்குவாங்க. காப்பு வீச்சுன்னு மாத்திட்டேன்.

* * *

நிலை, படி, தளம் மூணும் பிரமாதம், மூலத்தைவிட நல்லா இருக்கு. அதை விட்டுடாதீங்க.

* * *

காப்பு கையில போடுறது.

* * *

தங்கச்சி, நீ சும்மா ஜிஎம்னே போட்டுட்டுப் போ. சனிக்கிழமை பசங்க எப்படியும் 'ஜிஎம் அண்ணா, நான் கதவை உடைக்கிறேன்'னுதான் கத்தப் போறாங்க. வெப்சைட்டுக்கு இணையதளம்னு எழுதுறோம், வெப்சைட்னு பேசுறோம், அதனால என்ன கெட்டுப் போச்சு?

* * *

பேசுறதுக்கு ஜிஎம் இருக்கட்டும், எழுத்துல தமிழ் வேணும்னுதானே இத்தனை பேர் தூங்காம எழுதிட்டிருக்கோம்.

இதுவரைக்கும் வந்த கடிதத்தை வச்சுப் பாத்தா நடுவர் பக்கம்தான் ஆள் அதிகம். ஆசையா வந்தவங்க ரெண்டு பேர், களைச்சுப் போய் வந்தவங்க மிச்சப் பேர். கோப்புல 'ஆட்டநடுவர்'னு மாத்தியிருக்கேன், முதல் இடத்துல மட்டும் ஆட்டம் ஒட்டி, அப்புறம் வர்ற இடத்துல எல்லாம் வெறும் நடுவர். அந்தப் பூத வாக்கியத்தையும் மாத்திட்டேன், 'பூதங்கள் உங்களைத் தாக்கும், அவற்றை நடுவர் இயக்குவார்'.

* * *

பெரும்பான்மை முடிவுன்னா கட்டுப்படுறேன், ஒத்துக்கல. அடிக்குறிப்புல 'கட்டியங்காரர் எனவும் வழங்கலாம்'னு ஒரு வரி போட்டே ஆகணும், இல்லேன்னா என் பேரை நன்றிப் பட்டியல்ல இருந்து எடுத்துடுங்க.

* * *

ஐயா, அந்தப் பக்கத்துல அடிக்குறிப்புக்கு இடமே இல்ல, பகடைப் படம் ஆறும் அங்கதான் இருக்கு. மந்திரவாதி பக்கத்துல நாலு வரி காலியா இருக்கு, அங்க போடட்டுமா?

* * *

மந்திரவாதிக்கும் கட்டியங்காரருக்கும் என்னம்மா சம்பந்தம்? சரி, போடு. கட்டியங்காரர், வல்லினம் மிகாது, பாத்து.