பிரவுசர்லயே கால் பேசலாம்னா சாப்ட்போன் இனி எதுக்கு?

ஹெட்செட்வாசி:
எங்க சப்போர்ட் டீம்ல எட்டு பேரு, எல்லாருக்கும் லேப்டாப்ல சாப்ட்போன் (போன் மாதிரி கால் பேச வைக்கிற சாப்ட்வேர்) போட்டு ஓட்டிக்கிட்டு இருக்கோம். புதுசா ஒருத்தர் சேர்ந்தா எஸ்ஐபி (இன்டர்நெட்ல கால் இணைக்கிற முறை) யூசர்நேம், பாஸ்வேர்டு, டொமைன், போர்ட்னு நான்தான் உக்காந்து அடிச்சுக் குடுக்கணும், ஒரு எழுத்து தப்பினாலும் ரெஜிஸ்டர் ஆகாது, ஏன்னும் சொல்லாது. இப்போ இன்டர்நெட் போன் சர்வீஸ்காரங்க "லிங்க்கைத் திறந்து லாகின் பண்ணுங்க, அவ்ளோதான்"ங்கிறாங்க. நம்பி மாறலாமா? அப்புறம், பிரவுசரே பேசுதுன்னா இவங்களுக்கு எதுக்கு மாசாமாசம் காசு?

பாக்கெட்வேட்டை:
மாறலாம். காசு விஷயம்தான் நிறைய பேரு குழப்பிக்கிறது. பிரவுசருக்குள்ள இருக்கிறது வெப்ஆர்டிசி, அதாவது தனியா எதுவும் இன்ஸ்டால் பண்ணாம பிரவுசர்லயே நேரடியா பேச வைக்கிற டெக்னாலஜி. கூகுள் 2010ல குளோபல் ஐபி சொல்யூஷன்ஸ்ங்கிற கம்பெனிய வாங்கி, அவங்ககிட்ட இருந்த எக்கோ கேன்சல், ஜிட்டர் (குரல் பாக்கெட் முன்னப்பின்ன வர்றது) சமாளிக்கிற கோடு எல்லாத்தையும் அடுத்த வருஷமே ஓப்பன் சோர்ஸா விட்டுடுச்சு. சஃபாரி 2017லதான் சேர்ந்துச்சு, 2021 ஜனவரில டபிள்யூ3சி (வெப்புக்கு விதி வகுக்கிற அமைப்பு) ஸ்டாண்டர்டும் ஆயிடுச்சு. ஆனா அது செய்யறது குரல், வீடியோ, டேட்டாவைக் கொண்டு போறது மட்டும்தான். யார் யாரைக் கூப்பிடுறாங்க, எப்படிக் கண்டுபிடிக்கிறதுங்கிற சிக்னலிங்கை வேணும்னே வெளிய விட்டுட்டாங்க, அது அவங்கவங்க இஷ்டம். சாதாரண போன் நம்பருக்குப் போகணும்னா நடுவுல கேட்வே (ரெண்டு பக்கத்தையும் மாத்தி இணைக்கிற சர்வர்) கண்டிப்பா வேணும், ஏன்னா பிரவுசர் என்கிரிப்ட் பண்ணாம பேசவே பேசாது, அந்தப் பக்கம் போன் கம்பெனிக்குப் போற ட்ரங்க் லைன் நிறையல இன்னும் என்கிரிப்ட் பண்ணாத வெறும் ஆர்டிபிதான், குரலைச் சுருக்குற கோடெக்கும் இங்க ஓபஸ், அங்க பழைய ஜி.711. அதை எல்லாம் பிரிச்சு மாத்திக் கட்டுறதுக்கும் நம்பருக்கும்தான் நீங்க கட்டுற காசு. முன்னாடி சாப்ட்போனையும் சேர்த்து வித்தாங்க, அந்த வியாபாரம் மட்டும்தான் போச்சு.

(குவாலிட்டி சூப்பரா இருக்கும்னு சொல்லுவாங்க, போன் நம்பருக்குப் பேசும்போது பெருசா எதிர்பார்க்காதீங்க. பிரவுசர் டு பிரவுசர்னாதான் ஓபஸ் வித்தியாசம் காதுல விழும்.)

பழையஎக்ஸ்டென்ஷன்:
நாங்க மாறின முதல் நாளே மானம் போச்சு. ரிங் அடிக்குது, எடுக்கிறாங்க, டைமர் ஓடுது, ஆனா ரெண்டு பக்கமும் சத்தமே இல்ல, "ஹலோ ஹலோ"ன்னு கத்திக்கிட்டு கிடந்தோம். மைக்கைக் கழட்டி மாட்டினேன், பிரவுசரை மாத்தினேன், ஒண்ணும் ஆகல. அப்புறம் குரோம்ல வெப்ஆர்டிசி-இன்டர்னல்ஸ்ங்கிற சோதனை பேஜைத் திறந்து பார்த்தா ஐஸ் (குரல் போக வழி தேடுற முறை) ஸ்டேட் செக்கிங்லயே நின்னுட்டு அப்படியே ஃபெயில்டுன்னு வருது, நடுவுல ஒரு சர்வர் வழியா போற ரிலே கேண்டிடேட் ஒண்ணுகூட லிஸ்ட்ல இல்ல. விஷயம் என்னன்னா ரிங் பண்ற சிக்னல் வெப்சாக்கெட்ல 443 (சாதாரண வெப்சைட் போற போர்ட்) வழியா ஜம்முனு போயிடுது, குரல் போறது யுடிபிங்கிற வேற வழி, அதை எங்க ஆபிஸ் ஃபயர்வால் மொத்தமா அடைச்சு வச்சிருக்கு. சர்வீஸ்காரங்ககிட்ட சண்டை போட்டு டர்ன் சர்வரை (குரலை வாங்கி மறுபக்கம் அனுப்புற ரிலே) டிஎல்எஸ் என்கிரிப்ஷனோட 443க்கு வாங்கினப்புறம்தான் குரல் வந்துச்சு. கொஞ்சம் லேட்டா கேக்கும், பழகிடும். நீங்க கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே இதைக் கேட்டுடுங்க.

ஹெட்செட்வாசி:
ஐயோ, எங்க ஃபயர்வாலும் அதே கதைதான். உள்ள வர்ற கால் எப்படி? டேபை மூடிட்டா?

பழையஎக்ஸ்டென்ஷன்:
டேபை மூடினா அடிக்காது பாஸ். லேப்டாப் தூங்கினாலும் அப்படித்தான். எங்க ஆளு ஒருத்தர் தினமும் சாப்பிடப் போகும்போது மூடியை மூடிட்டுப் போவாரு, அந்த அரை மணி நேரக் கால் எல்லாம் மிஸ்டு. இப்போ இருபது செகண்ட் எடுக்கலைன்னா மொபைலுக்குப் போற மாதிரி ஃபார்வர்டு போட்டு வச்சிருக்கோம்.

பாக்கெட்வேட்டை:
வெளிய கால் பண்றவங்களை மட்டும் முதல்ல மாத்துங்க, ரிசப்ஷன்ல இருக்கிற டெஸ்க் போனைத் தொடாதீங்க.

ஹெட்செட்வாசி:
சரி, ரெண்டு பேரை மட்டும் ஒரு வாரம் விட்டுப் பார்க்கிறேன். 443 விஷயம் இன்னைக்கே மெயில் போட்டாச்சு.