‘எடைகுறை பீரங்கி’யா, ‘தணியுதைப் பீரங்கி’யா?

வணக்கம்.

எடை குறைத்து வடிவமைக்கப்படும் டாங்கிப் பீரங்கிக்குத் தமிழ்க் கலைச்சொல்லாக நண்பர் ஒருவர் முன்மொழிந்த ‘எடைகுறை பீரங்கி’ எளிய சொல்தான்; ஆனால் அது பொருளில் பாதியைத்தான் சொல்கிறது என்பது என் கருத்து. குண்டின் உந்தம் (நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது) மாறாமல், பின்னோக்கி நகரும் பகுதியின் நிறையை மட்டும் பாதியாக்கினால், பின்னுதைப்பின், அதாவது சுடும்போது பீரங்கி பின்னோக்கி உதைப்பதன், ஆற்றல் இரு மடங்காகிவிடும். எடையைக் குறைத்த கையோடு உதைப்பு என்னும் தலைவலியும் வந்து சேர்கிறது.

சுமார் 15 டன் எடையுள்ள அமெரிக்காவின் ஷெரிடன் என்னும் இலகு டாங்கி, தன் 152 மி.மீ. பீரங்கியால் குண்டு சுடும்போது முன்சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பிவிடும். பின்னாளில், 2009இல் கைவிடப்பட்ட, அமெரிக்கத் தரைப்படையின் ‘எதிர்காலப் போர் அமைப்புகள்’ திட்டத்துக்காக உருவான 120 மி.மீ. எக்ஸ்எம்360 பீரங்கியில், குழலின் எஃகைக் குறைத்து அதன்மேல் கரியிழையை (கார்பன் ஃபைபர்) சுற்றினார்கள். கரியிழை வெப்பத்தில் அநேகமாக விரிவதே இல்லை. எஃகோ சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கி, இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழச் செய்துவிடும். அதனால் இழையை விறைப்பாக இழுத்துப் பிடித்தே சுற்ற வேண்டியிருந்தது. இவ்வளவு பாடுபட்டு எடையைக் குறைத்த பிறகும், வாயு பக்கவாட்டில் வெளியேறத் துளைகளிட்ட தடையைக் குழலின் வாயில் பொருத்தித்தான் உதைப்பைச் சமாளித்தார்கள்.

எனவே கலைச்சொல்லில் உதைப்பு இடம்பெற வேண்டும். ‘குறையுதை’ என்றால் உதைப்பில் ஏதோ குறைபாடு என்று படித்துவிடுவார்கள். ‘தணியுதை’ பொருத்தமாகப் படுகிறது: உந்தம் எங்கும் மறைந்துவிடுவதில்லை, குழல் பின்வாங்கும் தொலைவை நீட்டி உச்ச விசையைத்தான் குறைக்கிறார்கள்; சூடு தணிவதும் சினம் தணிவதும் அப்படிச் சிறிது சிறிதாகத்தானே?

‘பீரங்கி’ பரங்கியர் வழி வந்த சொல் என்பதற்காக அதை விலக்க வேண்டியதில்லை. ‘சுடுகலன்’ என்றால் கைத்துப்பாக்கியும் அதில் அடங்கிவிடும். ‘சோதனைப் பீரங்கி’ என்பது வேறொன்றைச் சோதிக்கும் கருவி என்றும் பொருள்படும் என்பதால், இன்னும் படையில் சேராதவற்றை ‘ஆய்வுநிலைத் தணியுதைப் பீரங்கி’ எனலாம். சற்று நீளம்தான், ஆனால் குழப்பமில்லை.

குழல்வாயில் பொருத்தும் அந்தத் தடைக்கு ‘வாய்த்தணிப்பி’ சரிவருமா? ‘வாய்த்தடை’ என்றால் குழலையே அடைத்தது போல் ஒலிக்கிறது.