பத்துமலையும் கெந்திங் காசினோவும் ஒரே நாளில் முடியுமா?

சேலத்துக்காரர்:

வணக்கம். அடுத்த மாதம் குடும்பத்தோடு மலேசியா வருகிறோம். நான், மனைவி, அம்மா, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன், கூடவே என் மச்சான். பெட்ரோனாஸ் கோபுரம், மலாக்கா எல்லாம் திட்டம் போட்டாயிற்று. ஒரே ஒரு நாளில்தான் சிக்கல்.

அம்மாவுக்குப் பத்துமலை முருகனைப் பார்த்தே ஆகவேண்டும். எங்கள் பக்கம் முத்துமலையில் 2022-ல் 146 அடி சிலை வந்ததிலிருந்து அங்கே அடிக்கடி போய் வருகிறார். அதற்கு முன்னால் பத்துமலைதான் பெரியது என்று யாரோ சொன்னதிலிருந்து அதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்கிறார். எனக்கும் மச்சானுக்கும் கெந்திங் மலைக்குப் போய்க் காசினோவுக்குள் ஒருமுறை உட்கார்ந்து விளையாடிப் பார்க்க ஆசை. சீட்டாட்டம் என்றால் தீபாவளிக்கு வீட்டில் ரம்மி ஆடுவதோடு சரி, இந்த மாதிரி இடத்துக்கு இதுவரை போனதில்லை.

இரண்டையும் ஒரே நாளில் வைக்கலாமா? எதை முதலில் வைப்பது? அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியுமா தெரியவில்லை. மகனுக்கு 19 வயது, உள்ளே விடுவார்களா? நாங்கள் விளையாடும் நேரத்தில் மற்றவர்கள் மேலே என்ன செய்வது? புதிதாகப் போகிறவன் எந்த ஆட்டத்தில் உட்காரலாம், கையில் எவ்வளவு பணம் வைத்துக்கொள்ளலாம்? போய்வந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

செந்தூல்வாசி:

அண்ணா, தாராளமாக முடியும். ஆனால் பத்துமலை காலையில், கெந்திங் மதியத்துக்கு மேல். மாற்றி வைத்தால் இரண்டுமே கெட்டுவிடும், ஏனென்றால் பத்துமலையில் ஒன்பது மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வரிசைகட்டி நிற்கும், வெயிலும் ஏறிவிடும், அந்தக் கூட்டத்தில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நடப்பது சிரமம்.

கோலாலம்பூரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலில் இருந்து கேடிஎம் கொமுட்டர் ரயில் நேராகப் பத்துமலைக்கே வருகிறது, அதுதான் கடைசி நிலையம், இறங்கினால் கோயில் வாசல். கட்டணம் மிகக் குறைவு. ஏழரை மணிக்குள் அங்கே இருக்கப் பாருங்கள். ரயில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வராது, நேரத்தை முதல் நாளே பார்த்து வையுங்கள். ஐந்து பேர் என்பதால் கிராப்பில் (கைப்பேசிச் செயலியில் அழைக்கும் வாடகை வண்டி) ஆறு பேர் வண்டி போட்டாலும் கட்டுப்படியாகும்.

படிகள் 272. அகலம் குறைவு, செங்குத்து, மேலே குகைக்குள் போனபிறகும் இன்னும் சில படிகள் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறுவதை விட இறங்கும்போதுதான் தவித்துப் போவார்கள், அதனால் அம்மாவை வற்புறுத்தாதீர்கள். 140 அடி முருகன் சிலை கீழேயே நிற்கிறது, 2006-ல் திறந்தது, அதன் காலடியில் நின்று நிம்மதியாகக் கும்பிடலாம். கீழேயே வேறு சந்நிதிகளும் இருக்கின்றன, ரயில் நிலையம் பக்கம் ஆஞ்சநேயர் சிலையும் இராமாயணக் குகையும் இருக்கின்றன. நீங்களும் மகனும் மேலே போய்வருவதற்குள் அம்மா இங்கே எல்லாம் பார்த்துவிடுவார். குகைக்குள் வேல் வைத்து இந்தக் கோயிலை 1891-ல் தொடங்கியவர் தம்புசாமிப் பிள்ளை, அடுத்த ஆண்டிலிருந்து இங்கே தைப்பூசம் நடக்கிறது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், எங்கள் தாத்தா பாட்டிமார் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் எடுத்துக்கொண்டு இருந்த காலத்திலேயே காவடி தூக்கி ஏறிய மலை அது.

குரங்குகள் கையில் இருக்கும் பையைப் பிடுங்கும். பிளாஸ்டிக் பையில் பூ, பழம் எதுவும் வெளியே தெரியவேண்டாம். முழங்கால் தெரியும் உடையில் பெண்களைப் படியேற விடமாட்டார்கள். பசியாறுவதற்கு எதிரிலேயே சைவ உணவுக் கடைகள் இருக்கின்றன, தோசையும் இளநீரும் கிடைக்கும். மேலே கெந்திங்கில் எல்லாமே விலை கூடுதல், அதனால் இங்கேயே நன்றாகச் சாப்பிட்டுக் கிளம்புங்கள்.

அங்கிருந்து கெந்திங் போக மறுபடி நகரத்துக்குள் வரவேண்டாம், பத்துமலை அந்தப் பக்கம்தான். கிராப் போட்டு ‘அவானா’ நிலையம் என்று கொடுங்கள், சாலையில் நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கிருந்து கேபிள் கார். திரும்பி வரும்போது மேலே கிராப் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் கேட்கிற விலை வேறு. கேஎல் சென்ட்ரலுக்குத் திரும்பும் பேருந்து டிக்கெட்டை முன்னாலேயே வாங்கி வைத்துவிடுங்கள். சனி ஞாயிறு என்றால் மதியத்துக்குள்ளேயே மாலைப் பேருந்துகள் நிரம்பிவிடும். முடிந்தால் வாரநாளில் போங்கள் அண்ணா.

மகன் காசினோவுக்குள் போக முடியாது, 21 வயது ஆகியிருக்க வேண்டும். இங்கே முஸ்லிம்களுக்கும் உள்ளே அனுமதி கிடையாது, அதனால் வாசலில் அடையாளம் கேட்பார்கள், பாஸ்போர்ட் அசல் கையில் இருக்கட்டும். நுழைவுக் கட்டணம் இல்லை. அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு வேண்டாம். உள்ளே படம் எடுக்கக் கூடாது.

கணக்குப்பிள்ளை_திருச்சி:

செந்தூல் நண்பர் வழியெல்லாம் சொல்லிவிட்டார், நான் மேசைக்கு வருகிறேன்.

கெந்திங்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பக்கரா என்ற சீட்டாட்டம்தான். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் இதைவிட எளிதான ஆட்டம் கிடையாது. பேங்கர், பிளேயர் என்று இரண்டு பக்கம், எந்தப் பக்கத்துச் சீட்டுகளின் புள்ளி 9-க்கு நெருக்கமாக வரும் என்று பந்தயம். சீட்டு எப்போது இழுப்பது என்பதெல்லாம் விதிப்படி டீலரே (சீட்டுப் போடும் ஊழியர்) செய்துவிடுவார், நீங்கள் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிந்தது. பேங்கர் ஜெயித்தால் 5 சதவீதம் கமிஷன் பிடிப்பார்கள், அப்படிப் பிடித்தும்கூட வீட்டின் பங்கு, அதாவது வைக்கும் பணத்தில் சராசரியாகக் காசினோவுக்குப் போவது, 1.06 சதவீதம்தான். பிளேயர் பக்கம் 1.24. சில மேசைகளில் ‘கமிஷன் இல்லை’ என்று போட்டிருப்பார்கள், அங்கே பேங்கர் 6-ல் ஜெயித்தால் பாதிதான் கொடுப்பார்கள், கணக்குப் போட்டால் வீட்டின் பங்கு 1.46 ஆகிவிடுகிறது. ‘டை’ (இரண்டு பக்கமும் சமம்) என்று நடுவில் இருக்கும் கட்டத்தில் மட்டும் வைக்காதீர்கள். எட்டு மடங்கு என்று ஆசை காட்டும், வீட்டின் பங்கு 14 சதவீதத்துக்கு மேல்.

இதைப் பணமாகச் சொல்கிறேன். ஒரு கைக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, 50 ரிங்கிட், மணிக்கு 60 கை ஆடினால் ஒரு மணி நேரத்தில் உங்கள் கை வழியாக ஓடுவது 3,000 ரிங்கிட். பேங்கரிலேயே வைத்தால் சராசரியாகப் போவது 32 ரிங்கிட் அளவு. அதே பணத்தை டையில் வைத்தால் 430. ஒரே மேசை, ஒரே நாற்காலி, கட்டம்தான் வேறு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சராசரி 32 என்றாலும் அந்த ஒரு மணி நேரத்தில் 350 ரிங்கிட் மேலேயோ கீழேயோ போவது மிகச் சாதாரணம். முதல் மணி நேரத்தில் 300 ஜெயித்தவர் தனக்குக் கை ராசி வந்துவிட்டது, ஆட்டம் பிடிபட்டுவிட்டது என்று நம்பிவிடுகிறார். பிறகு பந்தயத்தை 200 ஆக்குகிறார். சதவீதம் மாறாது, ஆனால் ஓடுகிற பணம் நாலு மடங்கு. காசினோவுக்கு வருமானம் வருகிற வழி இதுதான், ஏமாற்று வேலை எதுவும் தேவையில்லை, ஆள் எழுந்து போகாமல் இருந்தால் போதும்.

மேசைக்குப் பக்கத்துத் திரையில் சிவப்பும் நீலமுமாக வட்டங்கள் வரிசையாக ஓடும், முந்தைய கைகளின் முடிவுகள் அவை. பக்கத்தில் இருப்பவர் அதைப் பார்த்துக் காகிதத்தில் குறித்துக்கொண்டே ஆடுவார், ‘அஞ்சு தடவை பேங்கர் வந்தாச்சு, இனி பிளேயர்தான்’ என்பார். அடுத்த கைக்கும் அந்த வட்டங்களுக்கும் சம்பந்தமே இல்லை. 1913-ல் மாண்டி கார்லோ காசினோவில் ரூலெட்டில் (சுழலும் சக்கரத்தில் பந்து எங்கே விழும் என்று பந்தயம்) தொடர்ந்து 26 முறை கறுப்பே விழுந்தது, இனி சிவப்புதான் என்று வைத்தவர்கள் அன்று பெரும் பணத்தை இழந்தார்கள்.

ரூலெட் ஆடுவதென்றால் சக்கரத்தில் எத்தனை பூஜ்யம் என்று முதலில் பாருங்கள். ஒன்று என்றால் 2.7 சதவீதம், இரண்டு என்றால் 5.26. மூன்று பகடை உருட்டும் சிக்போவில் கூட்டுத்தொகை ‘பெரியது, சிறியது’ என்று வைப்பது மட்டும் பரவாயில்லை, 2.78 சதவீதம். மூன்றும் ஒரே எண்ணாக விழுந்தால் அந்த இரண்டு பக்கமும் தோற்கும், அந்த இடத்தில்தான் வீட்டுக்கு இலாபம். ஸ்லாட் எந்திரத்தில் இப்படி எதுவும் நம்மால் கணக்குப் போட முடியாது, வேகமும் அதிகம், தள்ளி நில்லுங்கள்.

குறைந்தபட்சப் பந்தயம் மேசைக்கு மேசை வேறு, பலகையில் எழுதியிருக்கும். உட்காருவதற்கு முன் அதைப் படியுங்கள். வெளிநாட்டில் ஜெயித்தாலும் நம் ஊரில் சூதாட்ட வருமானத்துக்கு 30 சதவீத வரி உண்டு, அதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

மலர்விழி:

சேலத்துக்காரர் அண்ணா, நான் சொல்வது கொஞ்சம் கடுமையாகத் தெரிந்தால் மன்னிக்கவும். எங்கள் பெரியப்பா வீட்டில் இந்தப் பழக்கத்தால் நிலம் போனது, பெரியம்மா கழுத்தில் இருந்ததும் போனது. அவரும் முதலில் பொழுதுபோக்கு என்றுதான் ஆரம்பித்தார். அதனால் நீங்கள் போகவே கூடாது என்று சொல்லவில்லை, உங்கள் கேள்வியைப் பார்த்தாலே நிதானமான ஆள் என்று தெரிகிறது. ஆனால் மேலே கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்ன சதவீதத்தைப் படித்துவிட்டு, ‘ஒரு சதவீதம்தானே, பரவாயில்லை’ என்று யாராவது நினைத்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

போகும்போது ஏடிஎம் அட்டை, கிரெடிட் கார்டு எல்லாவற்றையும் அண்ணியிடம் கொடுத்துவிடுங்கள். கைப்பேசியில் பணம் அனுப்பச் சொல்லிக் கேட்க மாட்டோம் என்று மச்சானும் நீங்களும் முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். குடும்பத்தோடு ஒருநாள் நல்ல ஓட்டலில் சாப்பிட்டால் எவ்வளவு ஆகுமோ அவ்வளவு மட்டும் ரொக்கமாக எடுத்துக்கொண்டு, அது போய்விட்டது என்றே வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். உள்ளே கடிகாரம் இருக்காது, சன்னலும் இருக்காது, மணி நாலா எட்டா என்றே தெரியாது. கைப்பேசியில் அலாரம் வைத்து, அது அடித்ததும் நடுக் கையில் இருந்தாலும் அந்தக் கை முடிந்ததும் எழுந்துவிடுங்கள்.

நாங்கள் போனபோது ஆண்கள் உள்ளே போய்விட, மாமியாரும் நானும் குழந்தைகளும் சின் சுவீ கோயிலில் இருந்தோம். உண்மையைச் சொன்னால் அந்த மலையில் மனசுக்கு நிறைவாக இருந்தது அந்த இடம்தான். கேபிள் கார் நடுவில் அங்கே நிற்கும், இறங்கிக்கொள்ளலாம், நிலையத்திலிருந்து கீழே போக நகரும் படிக்கட்டு இருக்கிறது, அதனால் உங்கள் அம்மாவுக்கும் பெரிய சிரமம் இருக்காது. ஒன்பது மாடிப் பகோடா, மலையை ஒட்டிப் பெரிய புத்தர் சிலை. அந்தப் பக்கம் நடந்து போனால் பாவம் செய்தவர்களுக்குக் கிடைக்கும் தண்டனைகளைச் சிலைகளாகவே செய்து வைத்திருக்கிறார்கள். என் மாமியார் ஒவ்வொன்றையும் நின்று பார்த்து, ‘நம்ம கருட புராணத்துல சொல்றது அப்படியே இருக்கே’ என்று ஆச்சரியப்பட்டார். திடீரென்று மூட்டம் ஏறி வந்து பகோடாவின் மேல்பாதி மறைந்துவிடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி தெரியும். சால்வை அல்லது ஸ்வெட்டர் கட்டாயம். சேலம் வெயிலில் இருந்து வருகிறவர்களுக்கு அந்தக் குளிர் எடுத்ததும் பிடிக்காது.

சேலத்துக்காரர்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மலர்விழி, நீங்கள் சொன்னதில் கடுமை எதுவும் இல்லை தங்கச்சி, மனைவியிடம் படித்துக் காட்டினேன், கார்டுகளை வாங்கி வைப்பதாக இப்போதே சொல்லிவிட்டார். ஆளுக்கு 200 ரிங்கிட், இரண்டு மணி நேரம், பக்கராவில் பேங்கர் மட்டும் என்று மச்சானிடம் பேசிவிட்டேன்.

கணக்குப்பிள்ளை சார், ஒரு கைக்கு 50 என்றால் நாலு கை தோற்றாலே 200 காலி ஆகிவிடுமே?

செந்தூல் தம்பி, மகன் மட்டும் என்ன செய்வது? அவனுக்கு இரண்டு கோயில் அதிகம்.

கணக்குப்பிள்ளை_திருச்சி:

சரியாகப் பிடித்தீர்கள். தொடர்ந்து நாலு கை தோற்பது ஒன்றும் அபூர்வம் இல்லை. அதனால் 200 ரிங்கிட்டோடு 50 ரிங்கிட் மேசையில் உட்காராதீர்கள். நாற்காலியில் தனித்தனித் திரை வைத்து, நடுவில் நிஜ டீலர் சீட்டுப் போடும் மின்னணு மேசைகள் இருக்கும், அங்கே குறைந்தபட்சம் பெரும்பாலும் குறைவாக இருக்கும். ஒரு கைக்கு 10 என்று ஆடினால் 200 ரிங்கிட் உங்கள் இரண்டு மணி நேரத்துக்குத் தாங்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்படி மேசை கிடைக்காவிட்டால் ஒரு மணி நேரம் நின்று வேடிக்கை பாருங்கள், கடைசியில் நாலு கை ஆடிவிட்டு வாருங்கள். மேசையைச் சுற்றி நின்று பார்ப்பதற்குக் காசு இல்லை, அந்தக் கூட்டம் கடைசிச் சீட்டைத் திருப்பும்போது போடும் சத்தத்தைக் கேட்பதே பாதி அனுபவம்.

செந்தூல்வாசி:

தம்பிக்கு ஸ்கைவேர்ல்ட்ஸ் தீம் பார்க் இருக்கிறது அண்ணா, 2022-ல் திறந்தது. ஆனால் அதற்கு நாள் முழுக்க வேண்டும், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு அந்த டிக்கெட் விலை கொடுக்கத் தேவையில்லை. உள்ளேயே கூரைக்குக் கீழ் விளையாட்டுப் பூங்காவும் உண்டு, அது போதும்.

நானாக இருந்தால் இப்படிப் போவேன். பத்துமலையில் பத்தரைக்குக் கிளம்பி, பதினொன்றரைக்கு அவானா. கேபிள் காரில் எல்லோரும் சேர்ந்து சின் சுவீயில் இறங்கி ஒரு மணி நேரம், அப்புறம் மேலே போய்ச் சாப்பாடு. இரண்டரையிலிருந்து நாலரை வரை நீங்களும் மச்சானும் உள்ளே, தம்பி பூங்காவில், அம்மாவும் அண்ணியும் கடைகளைச் சுற்றி வரட்டும், உட்கார நிறைய இடம் உண்டு. ஆறு மணியை ஒட்டித் திரும்பும் பேருந்து. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், மதியத்துக்கு மேல் இடி மின்னல் வந்தால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள், அதனால் பேருந்து நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே கீழே இறங்கத் தொடங்குங்கள். டிக்கெட் வாங்கும்போது பேருந்து எந்த நிலையத்தில் இருந்து புறப்படுகிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் ஒரே இடத்தில் இருந்து கிளம்புவதில்லை.