புதுப்பிப்பு: பித்தளை விளக்குக்கு வெள்ளைப் பின்னணி கிடைத்துவிட்டது

நாச்சியார்கோவில் குத்துவிளக்குகளை எங்கள் இணையதளத்துக்காகப் படம் எடுத்தால் வெள்ளை சார்ட் சாம்பலாக விழுகிறது, விளக்கில் என் சட்டை தெரிகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். இரண்டும் சரியாகிவிட்டன.

சாம்பலுக்குக் காரணம் கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர். எதிரே முழுக்க வெள்ளை இருந்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். அதனால் எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விடும் வெளிச்ச அளவை) +1.3 ஏற்றினேன். விளக்கை சார்ட்டிலிருந்து மூன்றடி முன்னால் நகர்த்தி, சார்ட்டுக்கென்று தனி லைட் போட்டேன். இப்போது பின்னணி 255-ஐ, அதாவது முழு வெள்ளையைத் தொடுகிறது.

பித்தளைதான் ரொம்பப் படுத்தியது. எதிரே இருப்பதையெல்லாம் கண்ணாடி மாதிரி காட்டும். ஜன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டி அதன் வழியே வெளிச்சம் விட்டேன்; லென்ஸ் அளவு ஓட்டை போட்ட வெள்ளை அட்டைக்குப் பின்னால் நின்று எடுத்தேன். சட்டை மறைந்தது, ஆனால் விளிம்பும் வெள்ளையில் கரைந்துவிட்டது. அப்புறம் ஃபிரேமுக்கு வெளியே இரு பக்கமும் கறுப்பு அட்டை நிறுத்தியதும், தண்டின் ஒவ்வொரு கடைசல் வளையமும் கோடு போட்டதுபோல் எழுந்து வந்தது. அவ்வளவு சந்தோஷம்! கடைந்தவரின் கைவேலை இப்போதுதான் படத்தில் தெரிகிறது.

அடி நிழலை மட்டும் லேசாக விட்டுவைத்திருக்கிறேன். முழுசாக அழித்தால் விளக்கு அந்தரத்தில் தொங்குகிறது.