ரவுண்ட்(2.5) எனக்கு 2, சரிபார்ப்பவருக்கு 3. எதைத் திருத்துவது?

புதுவரவு:
வணக்கம், கொஞ்சம் அவசரம். பைத்தான் நிரல்மொழிப் பாடக்குறிப்பு ஒன்றில் உதாரணங்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். எண்ணை முழு எண்ணாக்கும் ரவுண்ட் கட்டளையில் ரவுண்ட்(2.5) போட்டால் 3 வரும் என்று இருந்தது. எனக்கு 2 வந்ததால் மாற்றி அனுப்பினேன். சரிபார்ப்பவர் தனக்கு 3 வருகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். யார் சொல்வது சரி? இன்றிரவு முடிக்க வேண்டும்.

வைகைக்கரை:
இருவரும் எந்தப் பதிப்பில் ஓட்டினீர்கள்? அவருக்கு வந்தது 3 ஆ, 3.0 ஆ?

கணக்குப்புலி:
மிதவை எண் (கணினி இரும முறையில் வைத்திருக்கும் புள்ளி எண்) சிக்கல்தான். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது இல்லையா, அதேதான்.

மூத்தநிரலர்:
இல்லை. 2.5 இரும எண்ணில் பிசகில்லாமல் அடங்கும். இரண்டு தசம இடத்துக்கு ரவுண்ட்(2.675, 2) போட்டால் 2.68 வராமல் 2.67 தருகிறதே, அதுதான் நீங்கள் சொல்லும் வகை. தம்பி, 2008 இல் வந்த 3.0 பதிப்பின் மாற்றப் பட்டியலிலேயே ரவுண்ட் விதி மாறியது இருக்கிறது. அதைப் படிக்காமல் ஆவணத்தில் கை வைக்கலாமா?

புதுவரவு:
அவருக்கு விடை 3.0 என்றுதான் வந்ததாம். பதிப்பைக் கேட்டிருக்கிறேன்.

வைகைக்கரை:
அப்படியானால் அவருடையது பைத்தான் 2. அதில் சரிபாதி வந்தால் பூச்சியத்தை விட்டு விலகிப் போகும், விடையும் மிதவை எண்ணாகவே வரும். பைத்தான் 3 பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகும்: 0.5க்கு 0, 1.5க்கு 2, 2.5க்கு 2. பாதிகளை எல்லாம் மேலே தள்ளினால் நீண்ட கூட்டலில் தொகை ஒரு பக்கமாக ஏறிக்கொண்டே போகும், அதைத் தவிர்க்கத்தான் இந்த விதி.

கணக்குப்புலி:
சரி, ஒப்புக்கொள்கிறேன். பேசாமல் உதாரணத்தை 3.5 என்று மாற்றிவிடுங்கள். 4 வரும், சண்டை தீர்ந்தது.

வைகைக்கரை:
தயவுசெய்து வேண்டாம். மேலே "பாதி வந்தால் எப்போதும் மேலே" என்று விளக்கம் இருக்கும்தானே? 3.5 போட்டால் அந்தத் தவறான வரி அப்படியே பிழைத்துக்கொள்ளும். டாக்டெஸ்ட் (ஆவண உதாரணங்களை ஓட்டிச் சரிபார்க்கும் கருவி) ஓட்டினாலும் விடையைத்தான் ஒப்பிடும், வாக்கியத்தைப் படிக்காது. எண்ணை மட்டும் திருத்தினால் பாதி வேலைதான். பள்ளியில் படித்த முறை வேண்டுவோருக்கு பதின்ம முறையிலேயே கணக்கிடும் டெசிமல் தொகுதியில் ரவுண்ட்_ஹாஃப்_அப் இருக்கிறது என்று ஒரு வரி சேருங்கள்.

பனையோலை:
மிதவை எண் என்றால் படிக்கிற பிள்ளைக்கு என்ன புரியும்? தசம எண் என்று எழுதலாமே.

மூத்தநிரலர்:
கூடாது. டெசிமல் தனி வகை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் அடுத்த பாடத்தில் குழப்பம்.

பனையோலை:
அதை அடுத்த பாடத்தில் விளக்கினால் போயிற்று. முதல் பாடத்திலேயே பயமுறுத்த வேண்டுமா?

மூத்தநிரலர்:
பயமுறுத்துவது வேறு, தவறாகச் சொல்லிக்கொடுப்பது வேறு.

புதுவரவு:
சரிபார்ப்பவரிடம் இருந்தது பைத்தான் 2.7. விளக்க வரியையும் மாற்றி, பதிப்பையும் குறிப்பிட்டு அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். நன்றி.

வைகைக்கரை:
ரவுண்ட்(-2.5) சேர்த்தீர்களா? அது -2.